மேஜை யாருடையது? - லீசே மைட்னர் அம்மையாரின் வாழ்க்கை



மலர்க் குழுவினர் இந்தத் தடவை ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வேண்டும், அதுவும் பெண் விஞ்ஞானியாக இருந்தால் நல்லது என்று கேட்டார்கள். நான் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் மேரி கியூரி அம்மையாரைப் பற்றி எழுதிவிடுங்களேன் என்று அவர்களே பதிலையும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பெண் விஞ்ஞானி என்றால் நம் எல்லோர் நாக்கிலும் அந்த ஒரு பெயர்தான் வருகிறது. பள்ளிக்கூடச் சுவரிலும் அவர் படம்தான், கண்காட்சிச் சுவரொட்டியிலும் அவர் படம்தான். கியூரி அம்மையாரின் பெருமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரே ஒருவரைப் பெரிதாக மாட்டி வைத்துவிட்டால் மற்றவர்களை மறந்துவிடலாம் என்ற வசதியும் அதோடு சேர்ந்து வந்துவிடுகிறதே! அதனால் நான் லீசே மைட்னரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

எழுபதுகளில் இங்கே பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள் நான். அணுக்கருப் பிளவு பாடத்தில் ஹான், ஸ்ட்ராஸ்மன் என்ற இரண்டு பெயர்களும் 1939 என்ற ஆண்டும் இருந்தன. பரீட்சைக்கு அது போதும். மைட்னர் என்ற பெயர் கண்ணில் பட்டதே பல வருஷம் கழித்து, நானே பாடம் நடத்தப் போன பிறகுதான். அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அப்படிச் சேர்ந்த சங்கதிகள்தான் இவை.

லீசே மைட்னர் 1878 நவம்பரில் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா வக்கீல். எட்டுப் பிள்ளைகளில் இவர் மூன்றாவது. அந்த ஊரில் அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு 14 வயதோடு சரி. அதற்கு மேல் படிக்க ஆசைப்பட்டால் கல்லூரிக் கதவு மூடியிருந்தது. வியன்னா பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்ததே 1897-ல்தான். சேர வேண்டுமானால் ஆண் பிள்ளைகள் எட்டு வருஷம் படித்து எழுதும் பரீட்சையைப் பெண்கள் வெளியிலிருந்து எழுதித் தேற வேண்டும். அப்பா முதலில் ஒரு நிபந்தனை போட்டார். பிழைப்புக்கு வழி வேண்டும், பிரெஞ்சு மொழி ஆசிரியை ஆகும் தகுதியை முதலில் வாங்கிக்கொள் என்றார். நம் ஊர் அப்பாக்கள் பி.எட். முடித்துவிடு என்பார்களே, அதே கதைதான். அதை முடித்துவிட்டுத் தனியாகப் பாடம் வைத்து இரண்டே ஆண்டுகளில் அவ்வளவு பாடத்தையும் படித்து, 1901-ல் அந்தப் பரீட்சையில் தேறினார். அன்று எழுதிய 14 பெண்களில் தேறியவர்கள் நான்கே பேர்.

பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் லுட்விக் போல்ட்ஸ்மன். என்ட்ரோபி பாடத்தில் வரும் அதே போல்ட்ஸ்மன்தான். அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குப் பௌதிகம் ஒரு பக்தி மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம். மைட்னருக்கும் ஒட்டிக்கொண்டது, கடைசி வரை விடவில்லை. 1906-ல் டாக்டர் பட்டம். வியன்னாவில் பௌதிகத்தில் அந்தப் பட்டம் வாங்கிய இரண்டாவது பெண் அவர். அதே ஆண்டு செப்டம்பரில் போல்ட்ஸ்மன் தற்கொலை செய்துகொண்டார். மறு ஆண்டு மைட்னர், மாக்ஸ் பிளாங்கின் விரிவுரைகளைக் கேட்பதற்காக பெர்லினுக்குப் புறப்பட்டார். சில மாதங்கள் இருந்துவிட்டு வரலாம் என்று போனவர் 31 ஆண்டுகள் தங்கிவிட்டார்.

பெர்லினில் நடந்ததைக் கேளுங்கள். பிரஷ்ய நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அப்போது பெண்களை மாணவிகளாகவே சேர்ப்பதில்லை. 1908-ல்தான் சேர்த்தார்கள். ஓட்டோ ஹான் என்ற இளம் வேதியியலாளர் கதிரியக்க ஆராய்ச்சிக்குப் பௌதிகம் தெரிந்த துணை தேடிக்கொண்டிருந்தார். மைட்னரைவிட நான்கே மாதம் இளையவர். இருவரும் சேர்ந்து வேலை செய்யலாம் என்று முடிவாயிற்று. ஆனால் அந்த வேதியியல் கூடத்தின் தலைவர் எமில் ஃபிஷர், பெண்கள் உள்ளே வரக்கூடாது என்ற கொள்கைக்காரர். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கீழ்த்தளத்தில் முன்பு தச்சுப்பட்டறையாக இருந்த ஓர் அறை, அதற்கு வெளியிலிருந்து தனி வாசல். அந்த அறையில் மட்டும் மைட்னர் வேலை செய்யலாம், மாடிப்படி ஏறக்கூடாது. கழிப்பறைக்குத் தெருவில் இறங்கி நடந்து பக்கத்து உணவு விடுதிக்குப் போக வேண்டும். டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு இந்த ஏற்பாடு! சம்பளம் கிடையாது. வீட்டிலிருந்து அப்பா அனுப்பும் பணத்தில் காலம் ஓடியது. அந்தக் கூடத்து ஆசாமிகள் சிலர் இருவரும் சேர்ந்து வரும்போது ஹானுக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்களாம். 1909-ல் ஃபிஷர் மனம் மாறி மற்ற அறைகளுக்கும் அனுமதித்தார், பெண்களுக்கென்று கழிப்பறையும் கட்டினார். பிற்காலத்தில் மைட்னருக்கு மிகவும் உதவியாகவே இருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த நாட்களில் நடந்த இரண்டு சம்பவங்களை நான் வகுப்பில் தவறாமல் சொல்வேன். முதலாவது, அவர் எழுதிய கட்டுரைகளைப் பற்றியது. கைச்செலவுக்காக மைட்னர் ஓர் அறிவியல் பத்திரிகையில் பொதுமக்களுக்கான கட்டுரைகள் எழுதி வந்தார். கீழே எல். மைட்னர் என்று மட்டும் போடுவார். பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றின் பதிப்பாசிரியர் அவற்றைப் படித்து மகிழ்ந்து, மைட்னர் ஐயாவிடம் கதிரியக்கம் பற்றிக் கட்டுரை வாங்க வேண்டும், முகவரி கொடுங்கள் என்று பத்திரிகைக்கு எழுதினார். ஐயா இல்லை, அம்மா என்று பதில் போயிற்று. ஒரு பெண் எழுதியதைப் போடும் எண்ணமே தமக்கு இல்லை என்று அவர் திருப்பி எழுதிவிட்டார். கட்டுரை நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் அதே மனிதர்தான். இனிஷியல் மறைத்து வைத்திருந்தவரை நன்றாகத்தானே இருந்தது?

இரண்டாவது, 1908 டிசம்பரில். ரூதர்ஃபோர்டு நோபல் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் பெர்லின் வந்தார். மைட்னரின் கட்டுரைகளை அவரும் படித்தவர்தான். நேரில் பார்த்ததும், இவர் ஆண் என்றல்லவா நினைத்திருந்தேன் என்று வியந்து போனாராம். அதற்கப்புறம் ரூதர்ஃபோர்டும் ஹானும் உட்கார்ந்து கதிரியக்கம் பேசினார்கள். மைட்னரை, ரூதர்ஃபோர்டின் மனைவிக்குத் துணையாகக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள்! கிறிஸ்துமஸ் சாமான் வாங்கவாம். ரூதர்ஃபோர்டு கெட்டவர் அல்ல. பெண்கள் படிப்பதற்கு ஆதரவானவர். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

1912-ல் டாலம் என்ற பகுதியில் கைசர் வில்ஹெல்ம் வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் திறந்தது. ஹானுக்குப் பதவி, மைட்னர் சம்பளமில்லாத விருந்தாளி. அதே ஆண்டு பிளாங்க் அவரைத் தம் உதவியாளராக நியமித்தார். மாணவர்களின் விடைத்தாள் திருத்தும் வேலை. 34 வயதில் வாங்கிய முதல் சம்பளம் அது. உலகப்போரில் ஆஸ்திரிய ராணுவ ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே பிரிவில் வேலை செய்துவிட்டு 1916-ல் திரும்பி வந்தார். ஹான் போர்க்களத்தில் இருந்ததால் அநேகமாகத் தனியாகவே வேலையை நடத்தி, 91-ஆம் தனிமமான புரோட்டாக்டினியத்தைக் கண்டுபிடித்து 1918-ல் வெளியிட்டபோது ஹானின் பெயரை முதலில் போட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூடத்தில் பௌதிகப் பிரிவை உருவாக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. சொந்தப் பிரிவு, சொந்த மாணவர்கள். 1922-ல் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தும் தகுதி பெற்றார். முதல் சொற்பொழிவின் பொருள், பிரபஞ்ச நிகழ்ச்சிகளில் கதிரியக்கத்தின் பங்கு. பிரபஞ்சம் என்பதற்கு அவர்கள் சொல்வது காஸ்மிக். மறுநாள் ஒரு பத்திரிகையில் காஸ்மெடிக் என்று அச்சாகிவிட்டது. அழகு சாதனப் பௌதிகம்! அச்சுக் கோப்பவரின் கைப்பிழையோ, பெண்மணி பேசினால் முகப்பூச்சைப் பற்றித்தான் பேசியிருப்பார் என்று நிருபர் தானே முடிவு கட்டினாரோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். 1926-ல் ஜெர்மனியிலேயே முதல் பெண் பௌதிகப் பேராசிரியர் ஆனார்.

இங்கே ஒரு நிமிடம் நின்று பௌதிகம் பேச வேண்டும். மைட்னரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் பட்ட கஷ்டத்தை எழுதுகிறார்கள், தப்பி ஓடியதை எழுதுகிறார்கள், பரிசு கிடைக்காததை எழுதுகிறார்கள். அவர் செய்த பௌதிகத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதுவும் ஓர் அநியாயமாகத்தான் படுகிறது. ஓர் அணுவின் உள் கூட்டிலிருந்து எலெக்ட்ரான் வெளியேறினால், அந்த இடத்தை நிரப்பும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு இன்னொரு எலெக்ட்ரான் வெளியே பாயும். ஓஜர் விளைவு என்று படித்திருப்பீர்கள். பியர் ஓஜர் அதை 1923-ல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே மைட்னர் அதைக் கண்டு எழுதிவிட்டார். பீட்டா கதிர்களின் ஆற்றல் பற்றி அவருக்கும் இங்கிலாந்தின் எல்லிஸுக்கும் வருஷக்கணக்கில் வாதம் நடந்தது. பீட்டா துகள்கள் குறிப்பிட்ட ஆற்றலோடுதான் வரும் என்பது மைட்னர் கட்சி. எல்லா அளவிலும் வரும் என்பது எல்லிஸ் கட்சி. எல்லிஸின் சோதனை முடிவு வந்ததும் மைட்னர் அதைத் தாமே இன்னும் துல்லியமாகச் செய்து பார்த்து, எல்லிஸ் சொன்னதுதான் சரி என்று 1930-ல் வெளியிட்டார். எதிர்க்கட்சியின் முடிவை உறுதிப்படுத்த இவ்வளவு பாடுபட்டவர்கள் எத்தனை பேர்? காணாமல் போகும் அந்த ஆற்றல் எங்கே போகிறது என்ற கேள்விக்குத்தான் பௌலி 1930 டிசம்பரில், பின்னால் நியூட்ரினோ என்று பெயர் பெற்ற துகளை முன்மொழிந்தார். அந்த யோசனையை அவர் கடிதமாக அனுப்பியது, மைட்னரும் கைகரும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்துக்கு.

1933-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே மாநாட்டுப் படம் கிடைத்தால் பாருங்கள். கோட்டு சூட்டுக்கு நடுவே மூன்று பெண்கள். மேரி கியூரி, அவர் மகள் ஐரீன், முன் வரிசையில் லூயி டி பிராய்க்கும் சாட்விக்குக்கும் இடையே மைட்னர். அணுக்கருப் பௌதிகத்தில் அன்று அவருக்கு இருந்த இடம் அது. அதே 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர் என்பதால் மைட்னரின் பேராசிரியர் தகுதி பறிபோயிற்று. ஆஸ்திரியக் குடிமகள் என்பதாலும் ஆராய்ச்சிக்கூடம் முழுக்க அரசாங்கத்துடையது அல்ல என்பதாலும் உள்ளே வேலை மட்டும் தொடர்ந்தது.

1934-ல் யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் யுரேனியத்துக்கு மேற்பட்ட புதுத் தனிமங்கள் உண்டாகின்றன என்று ரோமில் ஃபெர்மி குழுவினர் அறிவித்தார்கள். மைட்னருக்குப் பொறி தட்டியது. இதற்கு நல்ல வேதியியல் துணை வேண்டும் என்று, பல ஆண்டுகளாகத் தனித்தனியே வேலை செய்துவந்த ஹானை வற்புறுத்தி மறுபடியும் சேர்த்துக்கொண்டார். பிறகு ஸ்ட்ராஸ்மன் சேர்ந்தார். ஆக, அந்த ஆராய்ச்சியைத் தொடங்கியதே அவர். யுரேனியக் கரு பெரிய துண்டுகளாக உடைந்திருக்கக்கூடாதா என்று ஈடா நோடாக் என்ற இன்னொரு பெண் விஞ்ஞானி 1934-லேயே கேட்டிருந்தார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மைட்னர் குழுவும்தான். நம் கதாநாயகி என்பதற்காக இதை மறைக்க முடியுமா?

1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. ஒரே இரவில் மைட்னரின் பாஸ்போர்ட் செல்லாக் காசாயிற்று. விஞ்ஞானிகள் வெளியேறத் தடை வரும் என்ற செய்தியும் கசிந்தது. ஹாலந்து விஞ்ஞானி டிர்க் காஸ்டர் பெர்லினுக்கே வந்து, 1938 ஜூலை 13-ஆம் தேதி அவரை ரயிலில் எல்லை தாண்டி அழைத்துப் போனார். இரண்டு சின்னப் பெட்டிகள், கைப்பையில் 10 மார்க். வழியில் காவலாளிக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் உதவட்டும் என்று ஹான் தம் தாயாரின் வைர மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அது தேவைப்படவில்லை. 59 வயதில், 31 ஆண்டுகள் கட்டியெழுப்பியதை விட்டுவிட்டு ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார். ஸ்டாக்ஹோமில் சீக்பான் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் கிடைத்தது. கருவிகளும் இல்லை, உதவியாளர்களும் இல்லை.

வேலை கடிதத்தில் தொடர்ந்தது. நவம்பரில் கோபன்ஹேகனில் ஹானும் மைட்னரும் ரகசியமாகச் சந்தித்துப் பேசினார்கள். ரேடியம் என்று ஹான் நினைத்த பொருளை மறுபடி நன்றாகச் சோதிக்கச் சொன்னார் மைட்னர். சோதித்தார்கள். டிசம்பர் 19 அன்று ஹான் எழுதினார். அது ரேடியம் அல்ல, பேரியம் போல இருக்கிறது, இதற்குப் பௌதிகத்தில் ஏதாவது விளக்கம் உண்டா என்று. அந்தக் கடிதத்தோடு மைட்னர் குங்கால்வ் என்ற சிற்றூருக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனார். அவருடைய அக்காள் மகன் ஓட்டோ ஃபிரிஷ், அவரும் பௌதிகக்காரர், அங்கே வந்திருந்தார். வெளியே பனி. மருமகன் பனிச்சறுக்குக் கட்டையோடு, சித்தி வெறும் காலணியோடு ஈடு கொடுத்து நடந்தார்கள். நடுவில் ஒரு மரத்துண்டில் உட்கார்ந்து, கையில் இருந்த துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள்.

கணக்கு இதுதான். அணுக்கரு ஒரு நீர்த்துளி மாதிரி. யுரேனியத்தில் 92 புரோட்டான்கள், அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்தத் தள்ளுவிசை துளியின் மேற்பரப்பு இழுவிசையை அநேகமாக ஈடுகட்டிவிடும் அளவுக்கு இருக்கிறது. ஒரு நியூட்ரான் வந்து இடித்தால் துளி நீண்டு, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகிவிடலாம். 56 போனால் மீதி 36. பேரியமும் கிரிப்டானும். இரண்டு துண்டும் விலகிப் பாயும்போது சுமார் 200 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? கருக்களின் நிறையைக் கணக்கிடும் வழி மைட்னருக்கு மனப்பாடம். இரண்டு துண்டின் நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நிறைக்கும் ஆற்றலுக்கும் உள்ள உறவை ஐன்ஸ்டைன் வாயாலேயே 1909-ல் சால்ஸ்பர்கில் கேட்டவர் அவர். பெருக்கினால் அதே 200 மில்லியன். எந்தப் பரிசோதனைக்கூடமும் இல்லாமல், பனியில் உட்கார்ந்து, அறுபது வயதில்!

ஹானும் ஸ்ட்ராஸ்மனும் எழுதிய கட்டுரை 1939 ஜனவரி 6-ல் வந்தது. நாட்டைவிட்டு ஓடிய யூதப் பெண்ணின் பெயரை அதில் போட அன்றைய ஜெர்மனியில் முடியாது. அது புரிகிறது. மைட்னரும் ஃபிரிஷும் எழுதிய விளக்கம் பிப்ரவரி 11-ல் நேச்சர் இதழில் வந்தது. பிளவு என்ற சொல்லே அந்தக் கட்டுரையில்தான் அணுக்கருவுக்கு முதலில் வந்தது. ஆனால் இது வேதியியலின் வெற்றி, பௌதிகத்துக்கு இதில் பங்கில்லை என்று ஹான் சொல்ல ஆரம்பித்தார். முதலில் பயத்தினால் சொல்லியிருக்கலாம். மைட்னரோடு தொடர்பு வைத்திருப்பது ஆபத்தாக இருந்த காலம். ஹிட்லர் போன பிறகும், பயம் போன பிறகும், அதையே சொன்னார் என்பதுதான் எனக்கு ஜீரணமாகாதது. ஹான் நாஜிக் கட்சிக்காரர் அல்ல. மைட்னருக்கு மோதிரம் கழற்றிக் கொடுத்த நண்பர். அவரே இப்படி.

1944-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் என்று 1945 நவம்பரில் அறிவித்தார்கள். மைட்னரை நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை பல விஞ்ஞானிகள் முன்மொழிந்திருக்கிறார்கள். ஒரு தடவையும் கிடைக்கவில்லை. 50 ஆண்டுகள் கழித்து நோபல் குழுவின் காகிதங்கள் திறக்கப்பட்டபோது, வரலாற்றாசிரியர்கள் மூவர் அவற்றை ஆராய்ந்து 1997-ல் கட்டுரை எழுதினார்கள். அந்தக் கண்டுபிடிப்பில் பௌதிகமும் வேதியியலும் எப்படிப் பின்னியிருந்தன என்பது குழுவினருக்கு விளங்கவில்லை, அகதி ஒருவரின் நிலைமையும் விளங்கவில்லை என்பது அவர்கள் முடிவு.

சரி, பரிசு போகட்டும். புகழாவது சரியாக வந்ததா என்றால், அதுதான் இன்னும் வேடிக்கை. அணுகுண்டு வேலைக்கு 1943-ல் அவரை அழைத்தார்கள். குண்டோடு தமக்கு எந்தச் சம்பந்தமும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்ததும் பத்திரிகைகளுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. ஸ்வீடன் கிராமம் ஒன்றில் விடுமுறையில் இருந்தவரைத் தேடிப் பிடித்தார்கள். ஜெர்மனியிலிருந்து குண்டு ரகசியத்தைக் கடத்தி நேச நாடுகளுக்குக் கொடுத்த யூதப் பெண் என்று எழுதினார்கள். குண்டின் தாய் என்று பட்டம் சூட்டினார்கள். அவர் மறுக்க மறுக்க அது பரவியது. 1946-ல் அமெரிக்கா போனபோது பத்திரிகைப் பெண்கள் சங்கம் ஆண்டின் சிறந்த பெண்மணி என்று கௌரவித்தது, ஜனாதிபதி ட்ரூமன் விருந்தில் கலந்துகொண்டார். எம்.ஜி.எம். சினிமாக் கம்பெனி அணுகுண்டைப் பற்றிய படத்தில் அவரை ஒரு பாத்திரமாக்க அனுமதி கேட்டது. கதையைப் படித்துப் பார்த்தவர், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை பிதற்றல் என்று கண்டு கண்டிப்பாக மறுத்துவிட்டார். எவ்வளவு பணம் கொடுத்தாலும் மசியவில்லை.

பாருங்கள், செய்த வேலைக்குப் பெயர் இல்லை. செய்யாத வேலைக்குத் தாய்ப் பட்டம். ஆண் விஞ்ஞானியைக் கண்டால் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறது உலகம். பெண் விஞ்ஞானியைக் கண்டால் தாயா, மகளா, உதவியாளா என்று கேட்கிறது. 1963-ல் மரியா கெப்பெர்ட் மேயருக்குப் பௌதிக நோபல் கிடைத்தபோது, அவர் இருந்த சான் டியாகோ ஊர்ப் பத்திரிகை தலைப்பில் அவர் பெயரைக்கூடப் போடாமல், நம் ஊர் அம்மா ஒருவருக்குப் பரிசு என்றுதான் போட்டது. நம் பக்கமும் சளைத்ததில்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுக்க வந்தார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒளியியல் மேஜைதான் உண்டு. எங்கிருந்தோ ஒரு சோதனைக் குழாயைக் கொண்டுவந்து, நீலத் தண்ணீர் ஊற்றி, என் சக ஆசிரியை கையில் கொடுத்து, அதைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். அவர் லேசர் படித்தவர். படம் அப்படியே அச்சானது, பெயர் இல்லாமல். மேஜைக்குப் பின்னால் நிஜமாகவே கருவியைத் திருகிக்கொண்டிருந்த ஆண்களின் பெயர்கள் மட்டும் கீழே இருந்தன. படத்தில் பெண்ணைப் போட்டாயிற்று, பிறகென்ன என்று கேட்டார்கள்.

மைட்னருக்கும் இதே மேஜைச் சங்கதிதான். மியூனிக் நகரில் டாய்ச்சஸ் மியூசியம் என்று உலகப் புகழ்பெற்ற அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அணுப்பிளவைக் கண்டறிந்த கருவிகளை ஒரு மர மேஜையில் அடுக்கி 1950-களில் அங்கே வைத்தார்கள். நியூட்ரான் மூலம், எண்ணும் கருவிகள், பெருக்கிகள், பேட்டரிகள். உண்மையில் இவையெல்லாம் மூன்று தனி அறைகளில் இருந்தவை. எண்ணும் கருவிகளும் பெருக்கிகளும் மைட்னரின் பௌதிகப் பிரிவில் செய்தவை. பலகையில் எழுதியிருந்தது ஓட்டோ ஹானின் வேலை மேஜை என்று. மைட்னர் பெயர் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் போனார்கள். ஒரு புத்தகத்தில் தப்பு இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். அருங்காட்சியகத்தில் எழுதியதை யார் சந்தேகப்படுவார்கள்?

ஜெர்மன் பத்திரிகைகள் அவரை ஹானின் நெடுநாள் உதவியாளர் என்று எழுத ஆரம்பித்தன. 1953-ல் மைட்னர் ஹானுக்கு ஒரு கடிதம் எழுதினார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு பிரிவுக்குத் தலைமை வகித்தவள், என் கடந்த காலத்தையும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதா, உங்களை என் உதவியாளர் என்று எழுதினால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்ற அர்த்தத்தில் கேட்டிருக்கிறார். வெளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. நட்பையும் முறிக்கவில்லை. அது பெருந்தன்மையா, அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பழக்கிவைத்த மௌனமா என்று என்னால் இன்றும் தீர்மானிக்க முடியவில்லை.

கௌரவங்கள் மெல்ல வந்தன. 1949-ல் பிளாங்க் பதக்கம். 1955-ல் ஓட்டோ ஹான் பெயரிலேயே ஒரு பரிசு! 1960-ல் உறவினர்களுக்கு அருகில் இருக்க இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் போனார். 1966-ல் அமெரிக்காவின் ஃபெர்மி விருது ஹான், ஸ்ட்ராஸ்மன், மைட்னர் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். பயணம் செய்ய உடம்பு இடம் கொடுக்காததால் கேம்பிரிட்ஜுக்கே வந்து கொடுத்தார்கள். 1968 ஜூலையில் ஹான் இறந்தார். நோயில் இருந்த மைட்னருக்கு அதைச் சொல்லவில்லை. அக்டோபர் 27 அன்று அவரும் போனார். 90 நிறையச் சில நாட்களே இருந்தன. ஹாம்ப்ஷயரில் பிராம்லி என்ற கிராமத்தில், தம்பி வால்டரின் அருகே அடக்கம் செய்தார்கள்.

மியூசியத்துப் பலகையைத் தொண்ணூறுகளை ஒட்டித் திருத்தினார்கள். ரூத் லூயின் சைம் என்ற அமெரிக்க வேதியியல் ஆசிரியை 1996-ல் மைட்னரின் விரிவான வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஒரு கல்லூரி ஆசிரியை கடிதங்களைத் தோண்டியெடுத்து இதைச் செய்தார் என்பதை நம் ஆசிரிய நண்பர்கள் கவனிக்க வேண்டும். டாலமில் பிளவு நடந்த அந்தக் கட்டடம் 1956 முதல் ஓட்டோ ஹான் கட்டடமாக இருந்து, 2010-ல் ஹான்-மைட்னர் கட்டடம் ஆயிற்று. 2014-ல் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழக வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

நம் வேதியியல் துறைச் சுவரில் தொங்கும் தனிம அட்டவணை புதியதாக இருந்தால் 109-ஆம் கட்டத்தைப் பாருங்கள். 1982-ல் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் கூடத்தில் உருவாக்கிய தனிமம். மைட்னேரியம் என்ற பெயர் 1997-ல் அதிகாரபூர்வமாயிற்று. கியூரியம் மேரி, பியர் இருவருக்கும் சேர்த்து வைத்தது. நிஜத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் என்று வைத்த தனிமப் பெயர் இது ஒன்றுதான். 105-ஆம் தனிமத்துக்கு ஹானியம் என்ற பெயரை அமெரிக்கர்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். அதே 1997-ல் அதை விட்டுவிட்டு டப்னியம் என்று முடிவு செய்தார்கள். அட்டவணை பழையதாக இருந்தால் 105-ல் ஹானியம் என்றே இருக்கும், 109-ல் பெயரே இருக்காது. புதியது வாங்க நன்கொடை தர எங்கள் வகுப்பில் மூன்று பேர் முன்வந்திருக்கிறார்கள். துறைத் தலைவர் அனுமதித்தால் விழா நாளன்றே மாட்டிவிடலாம்.